கொழுப்பும் செழிப்பும்: உடற்பருமன் பற்றிய சமூக நோக்கும் அதன் வர்க்க அடிப்படையும்

உடற்பருமனை இன்று நாம் ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே நோக்கிப் பழகியுள்ளோம். உயரமும் நிறையும் அளக்கப்பட்டு, அவற்றுக்கிடையிலான விகிதம் ஓர் இலக்கமாக்கப்படுகின்றது. அவ்விலக்கம் ஒரு வரம்பைத் தாண்டும்பொழுது அது நோயெனவும் நாட்டுக்குச் சுமையெனவும் கொள்ளப்படுகின்றது. ஆயின் பருத்த உடலைச் சமூகம் எக்காலத்தும் இவ்வாறே நோக்கிற்று எனல் பொருந்தாது. ஒரு காலத்திற் செல்வத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது பிறிதொரு காலத்தில் ஒழுக்கக் குறைவின் அடையாளமாக இகழப்படுமாயின், அம்மாற்றத்துக்கான காரணத்தை உடலில் அன்றி, அவ்வுடலை ஊட்டிய உற்பத்தி உறவுகளிலேயே தேடல் வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தை, சிறப்பாகத் தென்மராட்சியின் கொடிகாமத்தை, நிலைக்களனாகக் கொண்டு இதனை ஆராய முற்படுகின்றோம்.

கொடிகாமத்தைத் தெரிந்தமைக்குக் காரணமுண்டு. கண்டி வீதியும் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும் பிரியும் சந்தி அது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றபின், தெற்கிலிருந்து வந்த பண்டங்கள் குடாநாட்டினுள் நுழையும் வாயில்களுள் ஒன்றாயிற்று. அதன் சந்தைக்குத் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் பனம்பொருள்களும் வந்து குவிந்தன. அங்கிருந்து பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவான்கள் ஆட்களையும் கடகங்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்றன. ஒரு சமூகம் எதனை விளைவித்தது, எதனை விற்றது, எதனை வாங்கி உண்டது என்பன இத்தகைய சந்தியிலே தெளிவாகப் புலப்படும்.

முதலிற் சொற்களை நோக்குதல் தகும். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிற் பருத்த வயிற்றை 'வண்டி' என்பர். நிலமும் வருவாயும் உடைய ஒருவருக்கு வண்டி வைத்தால் அவர் 'செழிப்பாய்' இருக்கிறார் என்பது வழக்கு. அவரே சற்று மெலிந்தால் 'வாடிப்போனார்' என்று ஊர் இரங்கும். ஆனாற் கூலி வேலை செய்பவன் எதிர்த்துப் பேசினால், அவன் உடல் எலும்பும் தோலுமாக இருந்தபோதிலும், அவனுக்குக் 'கொழுப்பு' என்பர். தன் வயலில் உழைப்பவனுக்கு வயிறு நிறைந்துவிட்டது, அதனாலேயே பணிய மறுக்கிறான் என்ற உடைமையாளனின் அச்சமே இச்சொல்லிற் படிந்துள்ளது. உடையவனின் சதை செழிப்பு. இல்லாதவனின் சொல் கொழுப்பு. ஒரே பொருளுக்கு இருவகை மதிப்பு ஏற்பட்டமை மொழியின் தற்செயலான விளையாட்டன்று.

பெண்ணுடலைப் பற்றிய நோக்கு இதனினும் சிக்கலானது. குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்னும் கருத்தைக் கொன்றைவேந்தன் சிறு பிராயத்திலேயே மனனஞ் செய்வித்தது. நுண்ணிடையைப் பாடிய கவிமரபும் அதற்குத் துணைநின்றது. மறுபுறத்தே, மணப்பெண் மெலிந்திருந்தால் அவளது குடும்பத்தின் வசதி பற்றி ஐயம் எழுந்தது. ஆடவர் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தைப் பண்பாடு எனப் போற்றிய சமூகம், மகப்பேற்றின்பின் அவள் உடல் பருத்ததும் அவளையே கேலி செய்தது.

தமிழரும் பிற இந்திய மக்களும் பருமனின் தீங்கை அறியாதிருந்தனர் என்பது இதன் பொருளன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுமாறு கூறுகின்றது. சரகசங்கிதை பழிக்கப்படும் எண்வகை உடலினருள் மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் சேர்க்கின்றது. இருவருள்ளும் பருத்தவர் நிலையே இடர் மிக்கது என்கின்றது. சுகமாக அமர்ந்திருத்தல், மிகு துயில், தயிர், வெல்லம், புதிய தானியம் ஆகியவற்றை அது மேகநோய்க்குக் காரணங்களாகக் காட்டுகின்றது. இது ஓய்வுடைய வர்க்கத்தின் வாழ்க்கை விவரணம் என்பதை எவரும் உணரலாம்.

இவ்விடத்துச் சுசுருதசங்கிதை கூறும் சிகிச்சை ஆழ்ந்து நோக்கற்பாலது. பொருளும் சுற்றமும் இல்லாத நோயாளி குடையும் மிதியடியும் இன்றி நூறு யோசனை தூரம் நடத்தல் வேண்டும் என்கின்றது அந்நூல். அந்தணன் சிந்திய தானியத்தைப் பொறுக்கி உண்டு வாழவேண்டும்; ஏனையோன் இடைவிடாது உழவேண்டும், அல்லது கிணறு தோண்டவேண்டும். ஒருவனுக்கு மருந்தாக விதிக்கப்பட்டது மற்றொருவனின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது என்பதே இங்குள்ள உண்மை. சுண்ணக்கல்லைப் பிளந்து கிணறு தோண்டியவர்களும், துலா மிதித்து இறைத்தவர்களும், பட்டை பிடித்தவர்களும் சிகிச்சைக்காக அதனைச் செய்யவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் சாதியமைப்பின் அடிநிலையில் வைக்கப்பட்டோர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைத்தொழில் என்ற பெயரில் அவர்தம் உழைப்பு கட்டுண்டே இருந்தது. அவர்கள் உடலிற் சதை பிடிப்பதற்கு வழியுமில்லை, நேரமுமில்லை. நிலவுடைமையாளனின் வண்டி அவ்வுழைப்பின் மறுபக்கமாகும்.

பஞ்சம் அண்மையில் இருந்தமையும் பருமனுக்கு மதிப்பளித்தது. 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சமும் கொள்ளைநோயும் தாக்கியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தமை வரலாறு. அக்காலத்து எளிய மக்களின் காப்பு பனையே. ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, கூழ் என்பனவே மழையற்ற மாதங்களில் உயிரைத் தாங்கின. அவ்வுணவு இழிந்தோர் உணவெனக் கருதப்பட்டதையும், நெற்சோறு கௌரவத்தின் அளவுகோலாக விளங்கியதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இந்நிலையை மாற்றியது கோதுமை மா. இரண்டாம் உலக யுத்த காலத்துப் பங்கீட்டு முறை இறக்குமதி உணவை ஒவ்வொரு வீட்டின் அடுப்புக்கும் கொண்டுவந்தது. 1953இல் அரிசியின் பங்கீட்டு விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும் நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது. பிரதமர் பதவி விலகினார். உணவின் விலை அரசுகளை வீழ்த்தவல்லது என்பதை ஆளும் வர்க்கம் கற்றுக்கொண்ட ஆண்டு அது. அடுத்த ஆண்டு அமெரிக்கா தனது மிகை விளைச்சலை நட்புநாடுகளுக்கு வழங்குவதற்கென 480ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தை இயற்றியது. அதன்வழி வந்த மாவும் ஏனைய உதவித் திட்டங்களின்வழி வந்த மாவும் பாணாகவும் ரொட்டியாகவும் ஊரிற் பரவின. யாழ்ப்பாணத்து இல்லத்தரசிகள் அதனை அவித்து அரித்துப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பயன்படுத்தினர். 1970க்கும் 1977க்கும் இடையிலான இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டு வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்கு வளமளித்ததுடன், மாவின் ஆதிக்கத்தையும் சற்றுத் தடுத்தது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அத்தடையை நீக்கியது. 1980இற் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் மாவாலை திருகோணமலையில் இயங்கத் தொடங்கியது. இதே காலப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் துலாவையும், அரைக்கும் இயந்திரம் உரலையும் உலக்கையையும் அகற்றின. உழைப்பின் கொடுமை குறைந்தமை வரவேற்கத்தக்கதே. உலக்கையின் இழப்பை நினைந்து வருந்துவோர் பெரும்பாலும் அதனைப் பிடித்திராதவர்கள். ஆனால் உடலின் செலவு குறைந்த அதே காலத்தில் மலிவான மாவும் சீனியும் பெருகின என்பதே கவனிக்கற்பாலது.

யுத்தம் இப்போக்கை இடையில் நிறுத்தியது. 1990இற் புகையிரதம் நின்றது. பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அருகி, குடாநாடு துவிச்சக்கரவண்டியில் ஓடியது. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அக்காலத்து மெலிந்த உடல்களை ஆரோக்கியத்தின் சான்றாகக் காட்டுவோர் இன்று உளர். பசியையும் அச்சத்தையும் உடற்பயிற்சியாக வருணிக்கும் இக்கூற்று இரக்கமற்றது.

2009க்குப் பின் வீதி திறந்தது. 2014இற் புகையிரதமும் மீண்டும் வந்தது. தவணைக் கடனில் மோட்டார் சைக்கிளும், வெளிநாட்டுப் பணமும், போத்தல் மென்பானமும், இரவு நேரக் கொத்துரொட்டியும் உடன்வந்தன. இப்பொழுதுதான் பருமன் பற்றிய பேச்சின் தொனி மாறுகின்றது. முன்னர் செழிப்பு எனப்பட்டது இப்பொழுது சோம்பல், வாயடக்கமின்மை, அறியாமை எனப்படுகின்றது. இதனை ஆய்வுகளோடு ஒப்புநோக்குதல் அவசியம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற விரிவான ஆய்வொன்று, ஆசியருக்கென வகுத்த அளவின்படி, வயதுவந்தோருள் 25.2 வீதத்தினர் மிகைநிறை உடையோர் எனவும் 9.2 வீதத்தினர் பருமன் உடையோர் எனவும் கண்டது. நகரவாசிகளிடமும் வருமானம் கூடியோரிடமும் பெண்களிடமும் அது மிகுந்திருந்தது. எனவே மேலைநாடுகளிற் போலப் பருமன் வறியவரின் நிலையாகிவிட்டது என இங்கு அப்படியே கூறிவிட முடியாது. இன்னும் ஒன்று: அவ்வாய்வு நாட்டின் ஒன்பது மாகாணங்களுள் ஏழினையே உள்ளடக்கியது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. கொடிகாமத்து உடல்கள் எண்ணப்படாமலே கொடிகாமத்தாருக்கு அறிவுரை வந்து சேர்ந்தது.

பருமனாற் சமூகத்துக்கு ஏற்படும் 'செலவு' என்னும் கருத்தின் தோற்றமும் ஆராயத்தக்கது. உயரத்தின் வர்க்கத்தால் நிறையை வகுக்கும் சூத்திரம் 19ஆம் நூற்றாண்டிற் பெல்ஜிய வானியலாளர் கெத்லேயினால், மனிதரின் சராசரியை அறியும் பொருட்டு வகுக்கப்பட்டது. இலட்சிய எடை என்ற அட்டவணையைப் பரப்பியதோ 1940களில் நியூயோர்க்கின் ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனம். எவர் விரைவில் இறந்து தனக்கு நட்டம் விளைப்பார் என்பதே அதன் வினா. அவ்வினாவே பின்னர் அரசுகளின் வினாவாகவும் மாறியது. ஆனாற் கணக்கு அவ்வளவு எளிதன்று. 2008இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வொன்று, ஆயுள் முழுவதற்கும் கணக்கிடின் பருமனுடையோரின் மருத்துவச் செலவு ஏனையோரினதைவிடக் குறைவு எனக் காட்டியது. அவர்கள் முன்னரே இறந்துவிடுவதே காரணம். மனித உயிரைச் செலவாக மட்டும் எண்ணும் கணக்கு, அகால மரணத்தை இலாபமாக எழுத நேர்கின்றது.

உண்மையான செலவு வேறிடத்தில் உண்டு. நீரிழிவு முற்றிக் கால் துண்டிக்கப்பட்டவரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர் மனைவி அல்லது மகள். அவ்வுழைப்புக்குக் கூலியில்லை, எந்த அரச கணக்கிலும் அது இடம்பெறுவதில்லை. மாவையும் சீனியையும் விற்றுப் பெற்ற இலாபம் தனியாருக்கு, சிகிச்சை இலவச மருத்துவத்துக்கு, பராமரிப்பு பெண்ணுக்கு என்பதே இப்பங்கீடு. 2017 நவம்பரில் மென்பானங்களிலுள்ள சீனிக்குக் கிராம் ஒன்றுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. இலாபத்தின் பக்கம் கைவைத்த அரிய முயற்சி அது. மறு ஆண்டே தளர்த்தப்பட்டது. நாள்தோறும் நடக்குமாறு மக்களுக்குக் கூறும் அறிவுரையை எந்த அரசும் தளர்த்தியதில்லை. 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, மீனும் முட்டையும் காய்கறியுமே எளியோர் கோப்பையிலிருந்து முதலில் அகன்றன. வயிற்றை நிரப்ப எஞ்சியது மாப்பொருளே. மெலிவும் பருமனும் ஒரே வீட்டில் அருகருகே வாழ்வது இதனாலேயே.

நமது முற்போக்கு இலக்கிய மரபும் இவ்விடயத்தில் மறுபரிசீலனைக்குரியது. முதலாளியையும் வட்டிக்காரனையும் வண்டி பெருத்தவராகவும், தொழிலாளியை ஒட்டிய வயிற்றினனாகவும் தீட்டிய மரபு அது. நிலவுடைமைச் சமூகத்தில் அவ்வுருவம் யதார்த்தத்தின் பாற்பட்டது. இன்றைய மூலதனத்துக்கோ உடலே இல்லை. அதன் பங்காளர் காலையில் ஓடவும், தெரிந்து உண்ணவும் நேரமுடையோர். விடியற்புறம் தொட்டு ஒரே இடத்திற் குந்தியிருந்து, பாணும் சீனி கூடிய தேநீருமாகப் பொழுதைக் கழிக்கும் சந்தை வியாபாரப் பெண்ணே அப்பழைய கேலிச்சித்திரத்தின் உருவத்தை இப்பொழுது சுமக்கின்றாள். அவள் முன்னே விற்பனைக்கு இருக்கும் ஒடியல் மா இன்று உடல்நலத்துக்குரிய உணவெனப் பெயர் பெற்றுக் கோதுமை மாவைவிடக் கூடிய விலைக்குப் போகின்றது. விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வருவோர் அதனை விரும்பி வாங்குகின்றனர். மாலையில் வீடு திரும்புமுன் அவள் வாங்குவது கோதுமை மா.