கல்லீரலுக்கு ஒரு டாக்டர்: 11½ வருடக் கணக்கு

இன்று ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினம். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் பிறந்த நாள். எனக்கு இந்த நாளில் அண்ணன் ஞாபகம்தான் வரும்.

1988. அண்ணனுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. திடீரென்று கண் மஞ்சளானது. ஊரே சொன்னபடி கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம். உப்பில்லாப் பத்தியம். வயிறு வீங்கிய பிறகுதான் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். "முதலிலேயே கல்லீரல் டாக்டரிடம் காட்டியிருக்கலாமே" என்றார் அங்கிருந்த டாக்டர். அப்படி ஒரு டாக்டர் உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நாற்பது நாளில் அண்ணன் போய்விட்டார்.

அந்த டாக்டர்கள் எப்படி உருவானார்கள் என்று ரிட்டயர் ஆன பிறகு தேடிப் படித்தேன்.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1959ல் பேராசிரியரானார் ஷீலா ஷெர்லாக். பல நாட்டு டாக்டர்கள் அவரிடம் வந்து கல்லீரல் மருத்துவம் கற்றுப் போனார்கள். நம் நாட்டில் கல்லீரல் அப்போது வயிறு, குடலோடு சேர்ந்த பாடம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை வளர்த்தவர் பேராசிரியர் என்.மதனகோபாலன்.

1998 நவம்பரில் ஒரு திருப்பம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு, அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து தில்லி அப்போலோவில் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர்!

மாற்று சிகிச்சை என்றால் ஆபரேஷனோடு முடிவதில்லை. யாருக்கு அவசரம், யாருக்கு மருந்தே போதும் என்று முன்னால் முடிவு செய்ய வேண்டும். பின்னால் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். அதற்கே தனி ஆள் தேவைப்பட்டது. கல்லீரலுக்கு மட்டுமான டி.எம். படிப்பு வந்தது. தில்லி ஐ.எல்.பி.எஸ். நிறுவனத்தில் உண்டு, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு.

கணக்கு வாத்தியார் என்பதால் கூட்டிப் பார்த்தேன். எம்.பி.பி.எஸ். 5½, எம்.டி. 3, டி.எம். 3. மொத்தம் 11½ வருடம், நடுவில் ஒருமுறைகூட சறுக்காமல் போனால்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. என்னிடம் படித்தவரின் மகள், அரசுப் பள்ளி மாணவி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முதல் பேட்ச்சிலேயே சேர்ந்தாள். "மேற்கொண்டு என்ன படிக்கலாம் தாத்தா?" என்று போன மாதம் கேட்டாள். அண்ணன் கதையைச் சொன்னேன். அவள் கல்லீரலையே எடுத்தாலும் வெளியே வர 2033 ஆகிவிடும். படித்துவிட்டு ஓசூருக்கே வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தானே!

அதுவரை நம்மால் ஆனது: பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். கண் மஞ்சளானால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.