வேலி தாண்டிய குதிரையும் குதிரை தாண்டிய வேலியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலையில் டீக்கடைக்குப் போனால் அங்கே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே வண்டிப் பந்தயத்துக்குக் குதிரை வளர்ப்பவர்கள், எனக்கு மாமன் முறை. ரெண்டு பேர் புஞ்சைக்கும் நடுவில் ஒரே வேலி.

"ஏன் மச்சான், ஒங்க குதிரைக்கு வேலின்னா என்னன்னு சொல்லிக் குடுக்கலையா? நேத்தும் எங் கடலைக்குள்ள நிக்குது."

"அது வேலியா மாப்ள? நாலு முள்ளை வெட்டிப் போட்டுட்டு வேலிங்கிறீக. எங் குதிரை அதைக் கோலம்னு நெனச்சுத் தாண்டிருச்சு."

"அம்புட்டுத் தாண்டுற குதிரை பந்தயத்துல ஏன் கடைசியா வந்துச்சாம்?"

கடைக்காரர் குறுக்கே வந்து, "கம்பி வேலி போட்டா முடிஞ்சுச்சு" என்றார். ரெண்டு பேரும் ஒரே குரலில், "கம்பி விக்கிற விலைக்கு இன்னொரு குதிரை வாங்கலாம்!" இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை :-)

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் இந்தக் குதிரையும் வேலியும் மண்டைக்குள்ளேயே ஓடின. கொஞ்சம் புரட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குதிரை. நம்ம பாண்டிய நாட்டுக்கு இது சொந்தப் பிராணி இல்லை, இறக்குமதிச் சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் அரேபிய, பாரசீகக் குதிரைகள் கப்பலேறி காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கூத்து என்னவென்றால், கடலில் வரும்போதே செத்துப்போன குதிரைக்கும் ராஜாதான் காசு கொடுக்கணுமாம்! மார்க்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். ராஜா வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். காரணம், இங்கே குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இல்லை, சோறும் கறியும் வேகவைத்துப் போட்டார்கள் என்பது அவர் கணக்கு. வியாபாரிகளே லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை என்றும் எழுதுகிறார். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்!

அப்பேர்ப்பட்ட குதிரையின் மரியாதை வெள்ளைக்காரன் காலத்தில் என்ன ஆனது? 1871ல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. அடுத்தவன் பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்கலாம். மீட்க வேண்டுமென்றால் அபராதமும் தீவனச் செலவும் கட்டணும். அந்தச் சட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் உண்டு. யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் எட்டணா, குதிரைக்கும் காளைக்கும் பசுவுக்கும் நாலணா, கழுதைக்கும் பன்றிக்கும் ரெண்டணா, ஆட்டுக்கு ஓரணா. அதாவது 220 பொன் தினார் குதிரை, எருமைக்குப் பாதி! யாரும் கேட்டு வராவிட்டால் தமுக்கு அடித்து அறிவித்து, அதற்கும் வராவிட்டால் ஏலம். எங்க அப்பத்தா கடைசிவரைக்கும் அடங்காத பிள்ளைகளை "ஒன்னையப் பவுண்டுல அடைக்கணும்டா" என்றுதான் திட்டும்.

சரி, வேலிக்கு வருவோம். கம்பியெல்லாம் நேற்று வந்தது. அதற்கு முன்னால் உயிர்வேலிதான். கிளுவை, கொடுக்காப்புளி, திருகுகள்ளி, இல்லாவிட்டால் பனைமட்டை. இதில் சப்பாத்திக்கள்ளிக்கு மட்டும் ஒரு தனிக்கதை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கம்பெனிக்காரர்களுக்கு ஆசை. டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் அது வேறு பூச்சி. நல்ல சாயம் கிடைக்கவில்லை. கள்ளியோ வேலியிலிருந்து இறங்கி ஊரெல்லாம் பரவிவிட்டது. கடைசியில் 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னாட்டில் அதன் கொட்டம் அடங்கியது.

ஒரு தடவை பட்டால் புத்தி வரணுமில்லையா? வரவில்லை. கள்ளி ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் வந்தாச்சு: சீமைக்கருவேலம். எங்க பக்கம் இதற்கு இன்னொரு பேர் வேலிக்காத்தான். காமராஜர் காலத்தில் தூவினார்கள் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே மரம் வந்துவிட்டது. 1876லேயே சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம் இதன் விதை வேண்டுமென்று எழுதினார். அடுத்த வருஷம் விதை இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கு ஆகும், வறட்சி தாங்கும், ஆடு மாடு இலையைத் தின்னாது. வேலிக்கு இதைவிட என்ன வேணும்?

இலையைத் தின்னாது, சரி. காயை? இனிக்கும். ஆடு, மாடு, குதிரை எல்லாம் ஆசையாகத் தின்னும். விதை வயிற்றுக்குள் செரிக்காமல் சாணியோடும் லத்தியோடும் வெளியே விழுந்து, உரத்தோடு சேர்ந்து முளைக்கும். இதைப் படித்தபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. மாமா குதிரை வேலியைத் தாண்டவில்லை, வேலிதான் குதிரை வயிற்றில் ஏறித் தாண்டுகிறது!

இதில் நான் சிரித்துவிட்டுப் போகமுடியாத ஒரு விஷயம் உண்டு. எங்க ஐயா கம்மாக்கரை ஓரத்தில் இருந்த ரெண்டு ஏக்கருக்கு இதே கருவையைத்தான் தன் கையால் வேலியாக ஊன்றினார். நல்ல எண்ணத்தில்தான். இன்றைக்கு அங்கே வேலி எது, நிலம் எது என்று சொல்லமுடியாது. வேலி உள்ளே வந்துவிட்டது, நாங்கள் வெளியே போய்விட்டோம். கம்மாய்க்குள்ளும் அதுதான் நிற்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதையைப் பழமொழியாகக் கேட்டிருக்கிறோம். நாங்கள் பட்டாவோடு வைத்திருக்கிறோம்.

2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னது. 2022ல் அரசாங்கம் அயல் செடிகளுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு தோண்டணும். இன்னொரு பக்கம், மழை பொய்த்த வருஷங்களில் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த மரத்தின் கரிமூட்டம்தான் கஞ்சி ஊற்றியது. அதனால் "ஒழிக" என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஐயாவின் ரெண்டு ஏக்கரை நினைத்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை. வரும் கோடையில் ஆள் வைத்துத் தோண்டலாமா என்று தம்பியிடம் பேசியிருக்கிறேன்.

கிளம்புகிற அன்றைக்கு மாமாக்கள் ரெண்டு பேரிடமும் இந்த லத்தி விவகாரத்தைச் சொன்னேன். சின்ன மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நாலணா அபராதத்தைக் குதிரைக்குப் போடக்கூடாது மாப்ள, வேலிக்குத்தான் போடணும்."

"வேலியைப் பவுண்டுக்கு யாரு மச்சான் ஓட்டிக்கிட்டுப் போறது?" என்றார் பெரியவர்.

உங்க ஊரில் வேலிக்கு என்ன செடி வைத்தார்கள்? ஞாபகம் இருக்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள். தோண்டி முடித்தால் எங்களுக்கும் ஒரு வேலி வேணும்.