இரண்டு லேப்டாப், ஒரே தாளம்: மியூசிக் சாஃப்ட்வேர்களை இணைப்பது எப்படி?

ஒரு லேப்டாப்பில் டிரம்ஸ். இன்னொன்றில் கீபோர்டும் பேஸும். இரண்டிலும் வேகத்தை 120 பிபிஎம் என வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினால் போதாதா?

போதாது. விரல் பிசகும் சில மில்லி விநாடிகளைக்கூட சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு. ஒவ்வொரு கணினியின் சவுண்ட் கார்டும் தனக்கென ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. எந்த இரண்டு கடிகாரமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்குதான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி விலகும். 10 நிமிடத்தில் 30 மில்லி விநாடி. இரண்டிலும் டிரம்ஸ் ஓடினால், ஒரே அடி இரண்டு அடியாகக் காதில் விழும். மேடையில் இருப்பவர் பாதிப் பாட்டில் இதைச் சரிசெய்ய முடியாது.

பழைய வழி: மிடி கிளாக்

1983-ல் வந்த மிடி தொழில்நுட்பத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு கணினி மாஸ்டர், மற்றது அதைப் பின்தொடரும். மாஸ்டர் ஒரு பீட்டுக்கு 24 முறை 'டிக்' அனுப்பும். 120 பிபிஎம்-ல் இரண்டு டிக்குக்கு நடுவே சுமார் 20.8 மில்லி விநாடி. இதில் வேடிக்கை என்னவென்றால், '120' என்ற எண்ணை மாஸ்டர் அனுப்புவதே இல்லை. மற்ற கணினி டிக்குகளின் இடைவெளியை அளந்து தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். டிக் கொஞ்சம் முன்பின்னாக வந்தாலும் திரையில் 119.8, 120.3 என்று எண் ஆடும். வைஃபையில் அனுப்பினால் இந்த ஆட்டம் கூடும், கேபிள்தான் நல்லது.

புதிய வழி: லிங்க்

பெர்லினைச் சேர்ந்த எபிள்டன் நிறுவனம் 2016-ல் 'லிங்க்' வசதியைக் கொண்டு வந்தது. பிட்விக், ரீசன், டிராக்டர், செராட்டோ போன்ற பிற நிறுவனங்களின் சாஃப்ட்வேர்களிலும் இது இருக்கிறது. இரண்டு கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இரண்டு சாஃப்ட்வேரிலும் லிங்க்கை ஆன் செய்தால் ஒன்றை ஒன்று கண்டுபிடித்துக்கொள்ளும். மாஸ்டர் கிடையாது. யார் வேகத்தை மாற்றினாலும் எல்லோருக்கும் மாறும். நடுவில் சேரும் கணினி கண்டபடி நுழையாது, தாள வட்டத்தின் முதல் அடி வரும்வரை காத்திருக்கும்.

இந்த 'எல்லோருக்கும் சம உரிமை' தான் மேடையில் ஆபத்தும்கூட. அரங்கத்தின் பொது வைஃபையில் லிங்க்கை ஆன் செய்தால், அதே நெட்வொர்க்கில் லிங்க் ஆப் திறந்திருக்கும் வேறொருவரின் போனிலிருந்தும் உங்கள் பாட்டின் வேகம் மாறலாம். சின்னதாக ஒரு ரவுட்டரை கையோடு கொண்டுபோய், லேன் கேபிளில் இணைப்பதே பாதுகாப்பு. இன்டர்நெட் தேவையில்லை.

இன்னொன்று: லிங்க் தாளத்தைத்தான் சேர்க்கும், பாட்டில் எந்த இடம் என்பதைச் சொல்லாது. ஒரு கணினி சரணத்தில் இருக்கும்போது மற்றது பல்லவியில் இருக்கலாம், தாளம் மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். முழுப் பாட்டையும் சேர்ந்து ஓட்ட வேண்டும் என்றால் மிடி கிளாக் பக்கம்தான் போக வேண்டும். பாட்டின் இடத்தைச் சொல்லும் தகவலும் மிடியில் உண்டு.

எல்லாம் செய்தும் ஒரு லேப்டாப் மட்டும் பின்தங்கினால், முதலில் அதில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.