ஆஸ்லோவில் பிறந்த கிளாஸ்

1960களின் தொடக்கத்தில் ஆஸ்லோவிலுள்ள நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகார்டுக்கு இருந்த கவலை நிரல் எழுதுவதைப் பற்றியது அல்ல. தொழிற்கூடம், துறைமுகம், சுங்கச்சாவடி போன்ற இடங்களில் எது எங்கே தேங்குகிறது என்பதைக் கணினியில் நடத்திப் பார்க்க அவர் விரும்பினார். அதற்கு முதலில் அந்த இடத்தை விவரிக்க ஒரு மொழி வேண்டியிருந்தது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

நைகார்டுடன் சேர்ந்தவர் ஊலே-யோகன் டால். இருவரும் உருவாக்கிய சிமுலா மொழி அல்கோல் 60 மொழியின் மேல் கட்டப்பட்டது. யூனிவாக் 1107 என்ற கணினி அந்த மையத்துக்குப் பாதி விலையில் கிடைத்த பேரத்தில் இந்த மொழியும் ஒரு பங்கு. அல்கோலில் ஒரு நிரல்தொகுதி ஓடி முடிந்ததும் அதற்குள் இருந்த மாறிகள் எல்லாம் அழிந்துவிடும். சாவடியில் நிற்கும் லாரி அப்படி மறைந்துவிட முடியாதே! அதனால் தொகுதி முடிந்த பிறகும் அதன் தரவு உயிரோடு இருக்கும்படி நினைவக ஒதுக்கீட்டு முறையையே டால் மாற்றி அமைத்தார். பிற்பாடு ஆப்ஜெக்ட், அதாவது பொருள், என்று பெயர் பெற்றது, இப்படி அழியாமல் நின்ற தொகுதிதான்.

அடுத்த சிக்கல் வரிசை. வரிசையில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிய வேண்டும். லாரிக்குச் சரக்கின் எடையும் பேருந்துக்குப் பயணிகளின் எண்ணிக்கையும் கூடுதலாக வேண்டும். பொதுவானதை ஒவ்வொரு முறையும் திரும்ப எழுதுவானேன்? கணினி அறிஞர் டோனி ஹோர் முன்வைத்திருந்த பதிவு வகைகள் பற்றிய யோசனை இதற்கு வழிகாட்டியது. ஆப்ஜெக்டுகளுக்கு அச்சாக எழுதும் வரையறைதான் கிளாஸ். பொது கிளாஸின் பெயரைப் புதிய கிளாஸுக்கு முன்னொட்டாக எழுதினால், முன்னதன் உடைமை எல்லாம் பின்னதற்கு வந்துவிடும். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. நமது பாடநூல்களில் இதற்கு மரபுரிமம் என்று பெயர். கூடவே வந்தவை மெய்நிகர் செயல்முறைகள். ‘கட்டணம் எவ்வளவு?’ என்று நிரல் பொதுவாகக் கேட்கும். லாரி ஒரு கணக்கும் பேருந்து வேறு கணக்கும் சொல்லும். இவை எல்லாம் சிமுலா 67 என்ற பெயரில் 1967இல் வெளிவந்தன.

அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்த ஆலன் கேயிடம், யூனிவாக் 1108இல் ஓடாத அல்கோல் ஒன்றைச் சரிசெய்யும் வேலை தரப்பட்டது. ஆவணத்தைப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. நிரல் அச்சிட்ட தாளை நடைக்கூடத்தில் 80 அடி நீளத்துக்கு உருட்டி விரித்து, அதன் மேல் தவழ்ந்து தவழ்ந்து படித்த பிறகுதான் அது அல்கோலே அல்ல, சிமுலா என்று தெரிந்தது. உயிரியலும் படித்திருந்த கேயின் கண்ணுக்கு அந்த ஆப்ஜெக்டுகள் செல்களாகப் பட்டன: தனித்தனி உயிர்கள், சுற்றிலும் சவ்வு, இடையே செய்திப் பரிமாற்றம். ‘பொருள்நோக்கு’ என்ற அடைமொழியும் அவர் தந்ததே.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1972இல் கேயின் யோசனைப்படி டான் இங்கால்ஸ் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியின் முதல் வடிவம், 3+4 என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. விடை மெதுவாகத்தான் வந்தது. புதுமை அதற்கான வழியில் இருந்தது. 3 என்ற பொருளுக்கு ‘+ 4’ என்ற செய்தி போகிறது, என்ன செய்வதென்று அந்த 3 முடிவு செய்கிறது. வியப்பு என்னவென்றால், இந்த ஸ்மால்டாக்கில் மரபுரிமம் கிடையாது. ஸ்மால்டாக்-76இல்தான் அது சேர்ந்தது.

பாடநூல்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் உறைபொதியாக்கமோ சிமுலா 67இன் முதல் வடிவில் இல்லை. ஒரு பொருளின் உள்விவரத்தை வெளியிலிருந்து யாரும் மாற்றலாம் என்ற நிலை. மாறக்கூடிய வடிவமைப்பு முடிவுகளை நிரலின் ஒவ்வொரு கூறும் தனக்குள் மறைத்துவைக்க வேண்டும் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதினார். 1970களில்தான் சிமுலாவுக்கும் மறைப்பு வசதி கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வுக்குச் சிமுலாவைப் பயன்படுத்திய டென்மார்க்காரர் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப்புக்கு அதன் அமைப்பு பிடித்திருந்தது, வேகம் பிடிக்கவில்லை. பெல் ஆய்வகத்தில் 1979இல் அவர் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். 1983இல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது. 1995இல் வெளிவந்த ஜாவா இன்னும் கறாரானது. திரையில் ஒரு வரி வணக்கம் சொல்லவும் 2025 வரை அதில் கிளாஸ் ஒன்றை எழுதியாக வேண்டியிருந்தது. டாலுக்கும் நைகார்டுக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.