கேலஸ், ரூத்லெஸ்

கேலஸ், ரூத்லெஸ் ஆகியவை இரக்கமின்மையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகள். நெருங்கிய பொருளுடையவை என்றாலும், முன்னது பிறர் துயர் உறைக்காதபடி மரத்துப்போன மனநிலையையும், பின்னது நினைத்ததை முடிக்க இரக்கத்தை ஒதுக்கிவிடும் போக்கையும் சுட்டும். இவ்வேறுபாட்டின் வேர் சொற்பிறப்பில் உள்ளது.

கேலஸ்: இலத்தீனில் 'கல்லும்' என்பது காய்த்துத் தடித்த தோல், தமிழ்க் 'கல்'லோடு இதற்கு உறவில்லை. அதிலிருந்து வந்த கேலஸ், 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் தடித்த தோலையே குறித்தது. மனத்தைக் குறிக்கும் வழக்கு 17ஆம் நூற்றாண்டில் பரவியது. ஆனால் இந்த உருவகம் பழையது. கி.மு. 45இல் எழுதிய 'தஸ்குலன் உரையாடல்கள்' நூலில், உழைப்பு வலியின்மேல் காய்ப்பை உண்டாக்குகிறது என்ற கருத்தை உரோமச் சிந்தனையாளர் சிசரோ முன்வைத்தார். அவருக்குக் காய்ப்பு குறையன்று, தாங்கும் வலிமை. 'கல்லேரே' என்ற இலத்தீன் வினையும் காய்த்துப்போதலோடு கைதேர்தலையும் குறித்தது. ஆங்கிலத்தில் அந்த நற்பொருள் தங்கவில்லை.

ரூத்லெஸ்: 'ரூத்' என்றால் இரக்கம், விவிலியத்து ரூத்துடன் தொடர்பற்றது. வருந்துதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையின் வழிவந்த சொல் இது. கழிவிரக்கத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ரொய்ய' இதன் உறவு. 14ஆம் நூற்றாண்டிலேயே ரூத்லெஸ் வழக்கில் இருந்தது. 1637இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய 'லிசிடஸ்' கவிதையில் 'ரூத்' தனித்து வருகிறது. பின்னர் அது பேச்சிலிருந்து மறைய, எதிர்மறை மட்டும் எஞ்சியது. தமிழிலும் 'ஈவிரக்கம்' பெரும்பாலும் 'இல்லாத' என்பதோடுதான் வருகிறது.

வழக்கு: வெள்ளத்தில் வீடிழந்தவரிடம் தலை நிமிராமல் 'நாளைக்கு வாங்க' என்னும் அலுவலர் கேலஸ். அவருக்கு வந்தவர்மேல் பகையில்லை. தினமும் கேட்ட அழுகை பழகிவிட்டது. எதிரி தலையெடுக்கக் கூடாதென்று விளைந்த வயலைக் கொளுத்தும் படைத்தலைவர் ரூத்லெஸ். ஊர் பட்டினி கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். தளர்வின்றி ஆடி வெல்லும் அணியை ரூத்லெஸ் என்று பாராட்டுவதுண்டு. கேலஸ் பாராட்டாவதில்லை.

தமிழில்: 'கல்நெஞ்சு' இரண்டுக்கும் பொருந்துவதால் வேறுபாடு மறைந்துவிடும். 'தோல் தடித்தவர்' கேலஸுக்கு நேர் போலத் தோன்றினாலும், தன்மேல் விழும் ஏச்சு உறைக்காதவரையே குறிக்கும். கேலஸுக்கு உறைக்காதது பிறர் வலி. எனவே கேலஸுக்கு 'மனம் மரத்துப்போன', ரூத்லெஸுக்கு 'ஈவிரக்கமற்ற' என்பன பொருந்தும்.