வாய்மொழியில் வாழ்ந்த மெய்யியல்: செங்கோட்டை ஆவுடையக்காள்

கவிஞராகவும் மெய்யியலாளராகவும் ஒருங்கே விளங்கிய பெண்களின் சொல் எவ்வாறு நிலைபெற்றது என்பதே இவ்வுரையில் நாம் ஆராயும் பொருள்.

பிரான்சு நாட்டுக் கவிஞர் தெசூலியேர் அம்மையார் 1694இல் மறைந்தவர். ஆட்டு மந்தையை விளித்துப் பாடிய பாட்டொன்றில், பகுத்தறிவால் செருக்குறும் மனிதர் அதனால் இன்பம் எய்தினரா என அவர் வினவினார். 1635இல் தோன்றிய பிரெஞ்சு அறிஞர் கழகம் 1980 வரை ஒரு பெண்ணையும் உறுப்பினராக ஏற்கவில்லை. எனினும் அம்மையாரின் கவிதைகள் அவர் வாழ்நாளிலேயே, 1688இல், நூலாக அச்சேறின.

ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டித் தமிழகத்தில் வாழ்ந்தவர் ஆவுடையக்காள். செங்கோட்டையில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கைம்பெண் ஆனவர். தஞ்சை மன்னர் சகஜியின் (1684–1712) காலத்தவரான திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் அவர் அத்வைத உபதேசம் பெற்றார் என்பது மரபு. தாம் உணர்ந்ததைக் கும்மி, அம்மானை, கிளிக்கண்ணி எனப் பெண்கள் அறிந்த மெட்டுகளில் அவர் பாடினார். உடலே தீட்டிலிருந்து உருவானதாயின், பெண்ணை மட்டும் தீட்டென்று விலக்குவது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். வேதாந்தம் அவருக்கு ஏட்டுக் கல்வியன்று. தம்மை ஒதுக்கிய ஆசாரத்தை உரசிப் பார்க்கும் உரைகல்லாகும்.

அச்சகத்தின் துணையை அவர் அறியார். நெல்லைச் சீமைப் பிராமணப் பெண்களே அப்பாடல்களைத் திருமண வீடுகளிலும் அடுக்களையிலும் பாடி, தாயிடமிருந்து மகளுக்கு வழங்கினர். இருபதாம் நூற்றாண்டில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் அவர்களிடம் கேட்டுத் திரட்டியமையாலேயே அவை இன்று நூலாக நம் கையில் உள்ளன.

இவ்வரலாறு கோலசிலாங்கூர் வட்டாரத்து ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அயலானதன்று. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் முதலான தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிய பெண்களும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தம் வாழ்வை எண்ணிப் பார்த்தனர். பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது, லயங்கள் வெறுமையாயின. அப்பாட்டுகளை அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர்.

மாணவர்கள் அவர்களை அணுகி, பாடுவதை உச்சரிப்பு மாறாமல் எழுதிக்கொள்ளட்டும். யாரிடம், எந்தத் தோட்டத்தில் கற்றார் என்பதையும் உடன் குறிக்கட்டும். சொல்லைத் திருத்த வேண்டா. கேட்டு எழுத ஒருவர் வந்ததாலேயே ஆவுடையக்காள் நமக்குக் கிடைத்தார். அப்பணி இங்கு நம்முடையது.