கல்லும் கதவும் காத்த ஊர்கள்

கடற்கோளைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆயினும், அது எவ்வளவு தூரம் ஏறும் என்பதை முன்னோர் பட்ட துயரிலிருந்து கணித்தல் இயலும். யப்பான் நாட்டின் சன்ரிக்குக் கரை இதற்குச் சான்றாகும்.

1896ஆம் ஆண்டு யூன் 15ஆம் திகதி அங்கு எழுந்த பேரலை ஏறக்குறைய 22,000 உயிர்களைக் கவர்ந்தது. அன்று நிலம் மெல்லவே அதிர்ந்தமையால் மக்கள் மேட்டு நிலம் நாடவில்லை. 1933இல் கடல் மீண்டும் பொங்கியது.

இருமுறையும் அழிந்த அனேயோஷி என்னும் சிற்றூரார், இதற்குக் கீழே வீடு கட்டற்க என்று கல்லிற் பொறித்து மலைச்சரிவில் நாட்டினர். தாமும் அதற்கு மேலேயே குடியேறினர். ஃபுதாய் ஊர்த் தலைவர் கொதொக்கு வமுரா, 15.5 மீற்றர் உயரமான வெள்ளக்கதவு வேண்டுமென வாதாடினார். வீண்செலவு என்று பலர் கடிந்தனர். 1984இல் அது கட்டி முடிந்தது.

2011 மார்ச் 11இல் வந்த வெள்ளம் அனேயோஷிக் கல்லைத் தீண்டவில்லை. ஃபுதாயில் கதவைத் தாண்டிய நீர், குடியிருப்பை எட்டுமுன் ஓய்ந்தது. தாரோவிலோ 10 மீற்றர் மதிலைக் கடல் கடந்தது. மதிலை நம்பித் தங்கியோர் பலர் மாண்டனர். ஆகவே மதில் மட்டும் போதாது. விரைந்து மேடேறும் பழக்கமும் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் நம் தீவு 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தது. சுமாத்திராவிலிருந்து அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது, எச்சரிக்கத்தான் ஏற்பாடில்லை. அன்று கடல் ஏறிய எல்லையை ஊர்தோறும் குறித்துவைத்து, அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நம் கடனாகும்.